தரங்கம்பாடிக்கு ஓடிய ரயில் எங்கே போயிற்று?

மயிலாடுதுறைப் பக்கத்து இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தரங்கம்பாடிக்கு ரயில் ஓடியதாகத் தாத்தா சொல்கிறார், ஊரில் தேடினால் ஒரு துண்டுத் தண்டவாளம்கூடக் கண்ணில் படவில்லை. உண்மையிலேயே ஓடியதா? ஏன் நிறுத்தினார்கள்? இப்படி வேறு எந்தெந்த ஊர்கள் ரயிலை இழந்தன? போனது திரும்ப வருமா?

தாத்தா சொல்வது சரி. 1926 முதல் 1986 வரை மயிலாடுதுறை சந்திப்பிலிருந்து தரங்கம்பாடிக்கு, சுமார் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு, மீட்டர் கேஜ் பாதை, அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அகலம் உள்ள பாதை, இருந்தது. மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று வழியில் நிலையங்கள். அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர்போன திருக்கடையூர் வழியாக ஓடிய ரயில், தனக்கு அறுபது நிறைந்த ஆண்டிலேயே நின்றுபோனது. ஊர்க் குசும்பர்கள் இதைச் சொல்லிச் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்!

ஏன் நின்றது, திரும்புமா என்ற கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ‘பாதையை மூடிவிட்டார்கள்’ என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். வண்டி நிற்பது ஒன்று. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுப்பது இன்னொன்று. அது கிடந்த நிலம் கைமாறுவது வேறொன்று. வண்டி நின்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் உயிர் பெற்ற பாதைகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. நிலம் வீடாகவும் கடையாகவும் தார்ச் சாலையாகவும் மாறிய இடத்தில்தான் கதை சிக்கலாகிறது. ஆகவே ஒரு பாதை ஏன் மூடப்பட்டது என்பதைவிட, மூடிய பிறகு அந்த மண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

தரங்கம்பாடிக்கும் ரயிலுக்கும் ஆரம்பத்திலிருந்தே ராசி இல்லை. 1620 முதல் டேனிஷ்காரர்களின் துறைமுகமாக இருந்த ஊர் அது. 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டது. அதன் பிறகும் கொஞ்ச காலம் கப்பல் வியாபாரம் நடந்தது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்ததும் வியாபாரம் நாகைக்குப் போய்விட்டது. துறைமுகத்திலேயே சரக்கை ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்ப முடிகிறபோது, மாட்டு வண்டி கட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்கு எவர் போவார்? பக்கத்து ஊர் ரயிலால் நொடித்துப்போன துறைமுகத்துக்கு 65 ஆண்டுகள் கழித்துச் சொந்த ரயில் வந்தது. அதற்குள் அங்கே ஏற்ற வேண்டிய சரக்கு பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

காவிரி டெல்டாவில் இத்தனை கிளைப்பாதைகள் எப்படி முளைத்தன என்பது சுவாரசியமான கதை. ரயில் என்றாலே லண்டன் கம்பெனிகளின் காரியம் என்று நினைக்கிறோம். தஞ்சாவூர் ஜில்லா போர்டு, அதாவது உள்ளாட்சி அமைப்பு, நிலவரியோடு சேர்த்து ரயிலுக்கென்று தனியாக ஒரு வரி வசூலித்துச் சொந்தமாகப் பாதை போட்டது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894இல் திறக்கப்பட்ட பாதை அப்படி வந்ததுதான். பிறகு அது பட்டுக்கோட்டையைத் தொட்டு, 1903இல் அறந்தாங்கி வரை நீண்டது. ஓட்டுகிற வேலை மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இப்படித் துணிந்த ஜில்லா போர்டுகள் குறைவு. நெல் விளைகிற மண்ணில் மிராசுதாரர்களிடம் வரி வாங்கி, அதே நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோகப் பாதை போட்ட கணக்கு எனக்கு இன்றும் புத்திசாலித்தனமாகவே படுகிறது.

ஆனால் இந்த வடக்கு தெற்குப் பாதைக்கு ஒரு சாபம் உண்டு. காவிரியின் கிளைகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. வடக்கிலிருந்து தெற்கே போகும் தண்டவாளம் ஒவ்வொரு ஆற்றையும் வாய்க்காலையும் வடிகாலையும் தாண்டித்தான் ஆக வேண்டும். அடிக்கு அடி பாலம், மதகு, குழாய். தரங்கம்பாடிப் பாதை கிழக்கு நோக்கி ஓடியதால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு. பராமரிப்புச் செலவு என்று பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் பாலங்களின் எண்ணிக்கைதான் டெல்டா பாதைகளின் கழுத்தைப் பிடித்தது.

இன்னொரு வேடிக்கை. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போட்ட முதல் பாதை அகலப் பாதை, 1,676 மில்லிமீட்டர். 1875இல் அதைப் பெயர்த்து 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூறாண்டுக்கு மேல் மீட்டர் கேஜில் ஓடவிட்டு, பிறகு மீண்டும் அகலப் பாதையாக்கினார்கள். செலவு சிக்கனம் என்று ஒரு தலைமுறை செய்ததை, காலத்துக்கு ஒவ்வாதது என்று இன்னொரு தலைமுறை கலைத்தது.

கிளைப்பாதை ஒன்று அன்றாடம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அது ஏன் நொடித்தது என்பது விளங்கும். ஒரு எஞ்சின், நாலைந்து பெட்டிகள். காலையில் சந்திப்புக்கு வந்து மெயின் லைன் வண்டிக்கு ஆள் சேர்க்கும். அங்கிருந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். பாதையில் ஒரே வண்டிதான் என்பதால் சிக்னல் ஏற்பாடு எளிமையானது. டிரைவரின் கையில் டோக்கன் இருந்தால் பாதை அவருடையது. இல்லையென்றால் வண்டி நகராது. கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும். சின்ன நிலையமாக இருந்தாலும் ஸ்டேஷன் மாஸ்டர், பாயின்ட்ஸ்மேன், ஒவ்வொரு சாலைக் குறுக்கீட்டிலும் கேட் கீப்பர், சில மைல்களுக்குப் பாதையைப் பராமரிக்கும் ஆட்களின் ஒரு கேங், அதற்கு ஒரு மேஸ்திரி. ஒரு நாளைக்கு மூன்று முறை போய் வருகிற வண்டிக்காக இவ்வளவு பேரும் நாள் முழுவதும் இருக்க வேண்டும். வண்டியில் இருபது பேர் போனாலும் இருநூறு பேர் போனாலும் இந்தச் செலவு குறையாது.

எதிரில் பஸ் வந்தது. டெல்டாவில் தனியார் பஸ்கள் முன்பே ஓடிக்கொண்டிருந்தன. 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குச் சாலை, ரயிலுக்கு இணையாகவே போகிறது. ரயிலடி பல ஊர்களில் வயல் ஓரத்தில். பஸ்ஸோ கடைத்தெருவில் நிற்கும், கை காட்டினால் கோயில் வாசலிலும் நிற்கும். ரயில் தவறினால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். பஸ் தவறினால் அடுத்தது வரும். டிக்கெட் விலை ரயிலில்தான் குறைவு. ஆனாலும் அறுவடைக் கூலியை மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவருக்குக்கூட நேரம் காசுதான்.

இது வரைக்கும் நியாயமான போட்டி. இதற்கு மேல் ரயில்வே போட்ட கணக்கில்தான் எனக்குச் சண்டை. தரங்கம்பாடியில் ஏறிச் சென்னைக்குப் போகிற ஒருவர் மொத்தம் சுமார் 310 கிலோமீட்டர் பயணம் செய்கிறார். அவர் கொடுத்த கட்டணம் தூரத்துக்கு ஏற்பப் பிரிக்கப்படும்போது கிளைப்பாதையின் பங்கு பத்தில் ஒன்று. மீதி ஒன்பது பங்கும் மெயின் லைன் கணக்கில் ஏறிவிடும். கிளையை வெட்டிவிட்டால் அந்த ஒன்பது பங்கில் எவ்வளவு காணாமல் போகும் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. பொறையார்க்காரர் மயிலாடுதுறை வரைக்கும் பஸ்ஸில் வந்துவிட்டால், அதே பஸ் நிலையத்தில் சென்னைப் பஸ்ஸும் நிற்கிறதே, அதிலேயே ஏறிவிட மாட்டாரா? இந்தக் கேள்வி கணக்குப் புத்தகத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்காது.

வருமானம் தராத கிளைப்பாதைகளை ஆராய 1969இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. பிறகு 1980களின் தொடக்கத்தில் வந்த ரயில்வே சீர்திருத்தக் குழு, நாடு முழுவதும் 40 கிளைப்பாதைகளை மூடலாம் என்று பரிந்துரைத்தது. பட்டியலில் இருந்தவை எல்லாம் மூடப்படவில்லை. மாநில அரசுகளும் மக்களும் எதிர்த்த இடங்களில் தப்பித்தன. சத்தம் போட ஆள் இல்லாத பாதைகள் போயின. மூடும் காலத்தில் ஒரு வழக்கமும் உண்டு: முதலில் பராமரிப்பு குறையும், வேகக் கட்டுப்பாடு வரும், வண்டிகளில் ஒன்று ரத்தாகும், நேரம் மாறும். ஆள் குறைவார்கள். ஆள் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் காட்டி அடுத்த வண்டியும் ரத்தாகும்.

அதே எண்பதுகளில் பக்கத்துப் பாதையும் போனது. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இல் திறக்கப்பட்ட, 23 கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள பாதை. காரைக்கால் பிரெஞ்சுப் பகுதி என்பதால் பாதை பிரெஞ்சு அரசின் சொத்து. ஓட்டியது ஆங்கிலேயரின் தென்னிந்திய ரயில்வே. அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகப் போகும். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் எவ்வளவு கூட்டம் கூடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கூட்டத்தையே வைத்துக்கொண்டு லாபம் பார்க்க முடியாமல் போன பாதை என்றால், குறை கூட்டத்தில் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

ஆனால் காரைக்காலின் கதை அங்கே முடியவில்லை. 2009இல் காரைக்காலில் தனியார் துறைமுகம் வந்தது. நிலக்கரி வந்து இறங்கத் தொடங்கியது. 2011இல் நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் புதிய அகலப் பாதை திறக்கப்பட்டது. வடக்கே போக வேண்டிய சரக்கு வண்டிகள் நாகூர், திருவாரூர் என்று சுற்ற வேண்டியிருந்ததால், பழைய பேரளம் பாதை திடீரென்று எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. ரயில்வே நிலம் பெரும்பாலும் ரயில்வேயிடமே இருந்தது. பழைய தடத்தை ஒட்டியே அகலப் பாதை போட்டு, 2025இல் சோதனை ஓட்டமும் நடத்தினார்கள். பயணிகள் பல்லாண்டுக் காலம் மனுக் கொடுத்து வாங்க முடியாததை நிலக்கரி வாங்கிக் கொடுத்தது. எனக்கு இதில் வருத்தமில்லை. எது இழுத்தால் என்ன, தேர் நிலைக்கு வந்தால் சரி.

மன்னார்குடி இதைவிட ருசியான கதை. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு 1915இல் போட்ட குட்டிப் பாதையை, வருமானம் போதவில்லை என்று 1976இல் மூடினார்கள். 35 ஆண்டுகள் ரயில் இல்லை. 2011 செப்டம்பரில் அகலப் பாதையாகத் திறந்து, சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸ் விட்டார்கள். அதோடு நிற்கவில்லை. கோவைக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ், திருப்பதிக்குப் பாமணி எக்ஸ்பிரஸ், ராஜஸ்தானத்து ஜோத்பூர்ப் பக்கம் ஒரு வாராந்திர வண்டி! நீடாமங்கலம் வரைக்கும் போகவே ஆள் இல்லை என்று மூடிய நிலையத்திலிருந்து ஜோத்பூருக்கு ரயில் புறப்படுகிறது. ஊருக்கு டில்லியில் குரல் கொடுக்க ஆள் இருந்ததும் ஒரு காரணம் என்பது ஊரறிந்த விஷயம். அது மட்டும் காரணம் என்றால் வண்டிகள் காலியாக ஓடியிருக்க வேண்டும், அப்படி ஓடவில்லையே. கிளைப்பாதையில் குட்டி பாசஞ்சரை ஓட்டி நட்டம் என்று எழுதுவது ஒரு வகை. அதே பாதையின் முனையில் சென்னைக்கு நேர் வண்டி நிறுத்துவது இன்னொரு வகை. இறங்கி ஏறுகிற தொல்லை இல்லையென்றால் பஸ்ஸை விட்டு ரயிலுக்கு வருகிற கூட்டம் தனி.

மூன்றாவது, திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி செல்லும் 37 கிலோமீட்டர். அகஸ்தியம்பள்ளி நிலையம் உப்பளங்களுக்கு நடுவில் இருக்கிறது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது இந்தப் பகுதியில்தான். உப்பு ஏற்றுவதற்கென்றே வாழ்ந்த பாதை. முன்பு கோடிக்கரை வரைக்கும்கூடப் போனது. 2004இல் நிறுத்தப்பட்டு, 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. கோடிக்கரைத் துண்டு மட்டும் திரும்பவில்லை. அது சரணாலயம், விட்டுவிடுவதே நல்லது. ஆனால் திறந்த பாதையில் ஓடுகிற வண்டிகளைக் கை விரல்களில் எண்ணிவிடலாம். பல கோடி கொட்டிப் பாதை போட்டுவிட்டு, பாசஞ்சர் ஒன்றை மட்டும் ஓட்டி, ஆள் வரவில்லை என்று பின்னாளில் சொல்லப் போகிறார்களோ என்ற பயம் எனக்கு உண்டு.

அந்தப் பயத்துக்குக் காரணம், ஜில்லா போர்டின் பழைய பாதையை உள்ளடக்கிய திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடித் தடத்தில் நடந்தது. 2012இல் அகலப்படுத்த மூடினார்கள். மீட்டர் கேஜ், குறுகிய பாதைகளை அகலப் பாதையாக்க 1992இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்தில் இப்படி மூடப்பட்ட பாதைகள் ஏராளம். ‘தற்காலிகம்’ என்ற பலகை மாட்டி ஏழு, எட்டு, பத்து ஆண்டுகள் போகும். காரைக்குடி முதல் பட்டுக்கோட்டை வரை 2018இலும், திருவாரூர் வரை 2019 ஜூனிலும் திறந்தார்கள். திறந்த பாதையில் சாலைக் குறுக்கீடுகள் எக்கச்சக்கம். கேட் கீப்பர்கள் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கேட் கீப்பர்களை வண்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பக்கம் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார், கொடி காட்டுவார், வண்டி கேட்டைத் தாண்டி மறுபடியும் நிற்கும். பின்பக்கம் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டிலும் இதே சடங்கு. சுமார் 150 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்தை ஒட்டிப் பிடித்தது. ஜில்லா போர்டு காலத்து நீராவி வண்டியே வெட்கப்பட்டிருக்கும். பிறகு ஆட்களை நியமித்து நிலைமை சீரானது. ஆனால் முதல் வாரத்தில் ஆசையாக ஏறிப் பார்த்தவர் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால், அவர் மறுபடியும் பஸ்ஸுக்கே போவார் என்பதற்கு ஆய்வுக் குழு வேண்டாம்.

டெல்டாவுக்கு வெளியே காரணங்கள் வேறு. சேலம் மாவட்டத்தில் 1876 முதல் 1878 வரை பஞ்சம் ஏராளமானோரைக் கொன்றுபோட்ட பிறகு, தானியம் கொண்டுசெல்லவென்று அரசு பஞ்ச நிவாரணப் பாதைகளைத் திட்டமிட்டது. அப்படி வந்தவை திருப்பத்தூர்-கிருஷ்ணகிரி பாதையும், மொரப்பூர்-தருமபுரி பாதையும். 1905, 1906 ஆண்டுகளில் திறக்கப்பட்ட குறுகிய பாதைகள். தண்டவாள இடைவெளி வெறும் 762 மில்லிமீட்டர். தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரை போனது. பஸ் போட்டியில் திணறிக்கொண்டிருந்த நிலையில் இரண்டாம் உலகப்போர் வந்தது. இரும்பு வேண்டும், 1941இல் தருமபுரித் தடத்தை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஓசூருக்கும் தருமபுரிக்கும் பிற்காலத்தில் சேலம்-பெங்களூரு பாதை மூலம் ரயில் கிடைத்தது. கிருஷ்ணகிரிக்குக் கிடைக்கவில்லை. மாவட்டத் தலைநகராகியும் ரயில் நிலையம் இல்லாத ஊராகவே அது இருக்கிறது. மொரப்பூரையும் தருமபுரியையும் மறுபடி இணைக்க 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். பழைய தடத்திலேயே போட்டுவிடலாம் என்றால், தருமபுரி நகருக்குள் அது வீடுகளுக்கு அடியில் கிடக்கிறது. சுற்றிப் போக வேண்டும், புதிதாக நிலம் எடுக்க வேண்டும். காரைக்காலுக்குக் கிடைத்த சௌகரியம் தருமபுரிக்கு இல்லாமல் போனதற்கு இந்த நிலம்தான் காரணம்.

போரில் போய்த் திரும்பிய பாதைக்கு உதாரணம் போடிநாயக்கனூர். 1928இல் மதுரையிலிருந்து வந்த பாதை, உலகப்போரில் தண்டவாளத்தைப் பறிகொடுத்தது. 1950களில் மீண்டும் போட்டார்கள். 2010 முடிவில் அகலப்படுத்த மூடி, 2022இல் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்தது. ஒரே ஊருக்கு மூன்று முறை ரயில் ‘முதன்முதலாக’ வந்திருக்கிறது. போடிக்கு மேலே மலையில் இன்னொரு ரயிலும் இருந்தது. மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷன் என்கிற மலை முகட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கம்பித் தொட்டிலில் கொட்டகுடிக்கு இறக்கி, போடி வழியாகத் தூத்துக்குடிக்கு அனுப்புவார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் எஞ்சின் ஓடும் குறுகிய பாதையானது. 1924 ஜூலைப் பெருவெள்ளம் அதை அடியோடு வாரிக்கொண்டு போனது. இன்று சுற்றுலாப் பயணிகள் டாப் ஸ்டேஷனில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஸ்டேஷன்’ என்றால் ரயில் நிலையம்தான் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

தனுஷ்கோடியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். பலரும் கவனிக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது, மெயின் லைன் பாம்பனிலிருந்து நேராகத் தனுஷ்கோடிக்குத்தான் போனது. ராமேஸ்வரம்தான் பாம்பனிலிருந்து பிரியும் கிளை. சென்னையில் டிக்கெட் எடுத்தால் கொழும்பு வரைக்கும் செல்லும். தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னாரில் மறு ரயில். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல், 653ஆம் எண் பாசஞ்சரை அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கொண்டுபோனது. பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் மீட்டுக் கட்டியது. தனுஷ்கோடிப் பாதையை மீட்கவில்லை. கிளையாக இருந்த ராமேஸ்வரம் கடைசி நிலையமாயிற்று. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் புதுப் பாதை போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. நிலமும் சுற்றுச்சூழலும் குறுக்கே நிற்கின்றன. அங்கே மணல் இடம் மாறுகிறது, கடல் ஏறி இறங்குகிறது, நிரந்தரமாகக் குடியிருக்க ஏற்ற ஊர் இல்லை என்று அரசே சொல்லிவிட்டது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது. பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது போதும். அந்தப் பணத்தை டெல்டாவில் போடலாம் என்பது என் கட்சி.

கடலுக்கு அப்பால் இலங்கையில் நடந்தது நேர் எதிர். தலைமன்னார்ப் பாதையும், 1905இல் முழுமையடைந்த காங்கேசன்துறைப் பாதையும் 1990இல் போரில் நின்றன. 1956இலிருந்து யாழ்தேவி ரயில் ஓடிய தண்டவாளமும் அதைத் தாங்கிய கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 24 ஆண்டுகள் கழித்து, இந்தியக் கடனில் பாதையை அடியிலிருந்து போட்டு, 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் அதே மார்ச்சில் தலைமன்னார்த் துறைக்கும் வண்டி விட்டார்கள். ஒரு சிறு கிளையல்ல, நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பாதையைத் துடைத்து எடுத்த பிறகும் மீட்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தலைமன்னார்த் துறைக்கு ரயில் போகிறது. ஏறிக்கொள்ளத்தான் கப்பல் இல்லை.

சரி, தரங்கம்பாடிப் பாதையைத் தேடிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குச் சில வழிகள். தண்டவாளத்தைத் தேடாதீர்கள், அது ஏலத்தில் போய்விட்டது. வயல்களுக்கு நடுவே காரணமில்லாமல் நேராகப் போகும் மண் கரையைத் தேடுங்கள். வரப்புகள் கோணலாக வளையும். ரயில் கரை மட்டும் எவர் நிலம் என்று பார்க்காமல் வெட்டிக்கொண்டு போகும், திரும்பினாலும் பெரிய வட்டமாகத்தான் திரும்பும். செயற்கைக்கோள் படத்தில் இது பளிச்சென்று தெரியும். கரைக்கு இருபுறமும் மண் எடுத்த பள்ளங்கள் வரிசையாகக் குட்டைகளாகக் கிடக்கும்; மழைக்குப் பிறகு போனால் ஆகாயத்தாமரை காட்டிக்கொடுக்கும். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் செங்கல் சுவரும், மேலே தூலம் உட்காரக் கருங்கல் பாளமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது ரயில் பாலம். பக்கத்து வீட்டு வேலியில் தண்டவாளத் துண்டு கம்பமாக நிற்கிறதா, மாட்டுக் கொட்டகையில் இரு முனைப் பக்கமும் ஆணித் துளையோடு தண்டவாளம் தாங்கிய கட்டை கிடக்கிறதா என்றும் பாருங்கள். ரயில் இல்லாத ஊரில் ‘ரயில்வே ஸ்டேஷன் ரோடு’ என்று தெருப் பலகை இருந்தால் அதுவும் ஒரு சாட்சி. எல்லாவற்றுக்கும் மேல், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். எந்தப் புல எண் ரயில்வே பெயரில் இருக்கிறது, எது கைமாறிவிட்டது என்பது அதில் இருக்கும். மீண்டும் ரயில் கேட்டு மனு எழுதுகிறவர்கள் உணர்ச்சிப் பெருக்கில் நாலு பக்கம் எழுதுவதை விட, இந்தப் புல எண்களை வரிசையாகத் தொகுத்து இணைத்தால் அதிகாரி மேஜையில் அதற்குத் தனி மதிப்பு.

வருமா என்ற கடைசிக் கேள்விக்கு என் கணிப்பைச் சொல்கிறேன். மயிலாடுதுறையிலிருந்து பழைய தடத்தில் அப்படியே கொண்டுவருவது கடினம். நகரை ஒட்டிய பகுதியில் இடித்துத் தள்ள எந்த அரசும் துணியாது. தரங்கம்பாடி முட்டுச்சந்தாகவே இருக்கும் வரை ரயில்வேயின் வருமானக் கணக்கும் 1986இல் வந்த இடத்துக்கே வந்து நிற்கும். தெற்கே காரைக்காலிலோ பொறையார்-தரங்கம்பாடிக்கு அருகிலேயே அகலப் பாதை வந்து நிற்கிறது. காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடி, திருக்கடையூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஏறுகிற பாதை என்று திட்டமிட்டால், துறைமுகச் சரக்கும் திருக்கடையூர், திருநள்ளாறு பக்தர்களும் தரங்கம்பாடிச் சுற்றுலாவும் ஒரே கோட்டில் சேர்கின்றன. மன்னம்பந்தலுக்குக் கிழக்கே பழைய கரை எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவும் லாபம். இப்படி இணைத்துக் கேட்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பேரளம் பாதையில் சரக்கு நெரிசல் ஏறும் காலத்தில் அவர்களுடைய கோரிக்கைக்கு டில்லியில் காது கிடைக்கலாம். அதுவரைக்கும் கரையில் புதிதாக வீடு எழும்பாமல் பார்த்துக்கொள்வதுதான் செய்யக்கூடிய வேலை.